கருவுக்காக வாதாட வரும் தங்கைக்கு

கேள்வி: அக்கா, மதுரையில் சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். அம்மா கிராம சுகாதார செவிலியர். கருவில் இருக்கும் உயிருக்காகச் சட்டத்திடமும் அரசிடமும் பேசுவதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொள்ள விரும்புகிறேன். அமெரிக்காவில் இதை 'புரோ லைஃப்' என்று முழுநேரத் தொழிலாகவே செய்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு தொழில் உண்டா? என்ன படிக்க வேண்டும்? அங்கே போய்ப் படித்துவிட்டு வரலாமா? வருமானம் வருமா? அப்பா நீதிபதித் தேர்வு எழுதச் சொல்கிறார். தோழிகளோ நான் பெண்களின் உரிமைக்கு எதிராகப் போகிறேன் என்று கோபப்படுகிறார்கள்.
– ஒரு வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கருவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சட்டத்தைப் பற்றி, வருமானத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கருவைச் சுமக்கிற பெண் மட்டும் கடிதத்தில் எங்குமே வரவில்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வயதில் நானும் அவளை மறந்துதான் இந்த வேலைக்குள் வந்தேன்.

வழக்கறிஞராகப் பதிவு செய்து இரண்டாவது வருடம். ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில், மூன்றாவதும் பெண் குழந்தையே பிறந்திருந்த ஒரு தாயிடம் பேசச் சொல்லி என்னை அழைத்துப் போனார்கள். கட்டிலின் ஓரத்தில் ஒரு ஃபிளாஸ்க், மூடி இல்லாத எவர்சில்வர் டம்ளர். டீ வாங்கப் போன மாமியார் காலையிலிருந்து திரும்பவில்லை. குழந்தையைக் கைவிடுவது குற்றம், இன்ன பிரிவு, இத்தனை ஆண்டு தண்டனை என்று நான் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போனால் எனக்கு என்ன ஆகும் என்று சொல்லவில்லையே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பற்றி அவரிடம் எடுத்துச் சொன்னவர்கூட அந்த வார்டின் ஆயாதான். சட்டம் படித்தவள் நான் வாயடைத்து நின்றேன். இருபத்து நான்கு ஆண்டுகளாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் என் தொழில். நீங்கள் சேர விரும்புவதும் அதே தொழில்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கா. அங்கே நடப்பது வேறு வகைப் போராட்டம். 1973-இல் 'ரோ எதிர் வேட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அரசமைப்புச் சட்ட உரிமை என்றது. 2022 ஜூன் மாதம் 'டாப்ஸ்' வழக்கில் அதே நீதிமன்றம் அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 49 ஆண்டுகளில் வழக்கறிஞர் அமைப்புகளும் ஆய்வு நிறுவனங்களும், 50 மாநிலச் சட்டமன்றங்களிலும் வேலை செய்யும் ஆட்களுமாக ஒரு பெரிய தொழிலே அங்கு வளர்ந்துவிட்டது. நம் கதை வேறு. 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைத்தார்கள், 1966-இல் அறிக்கை வந்தது, 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. நாடு முழுவதும் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தண்டனைச் சட்டத்தில் கருக்கலைப்பு அன்றும் குற்றம், இன்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 88 முதல் 92 வரையுள்ள பிரிவுகளிலும் குற்றம். 1971 சட்டம் அதற்கு ஒரு விலக்கு மட்டுமே தந்தது, அந்த விலக்கின் சாவியை மருத்துவர் கையில் கொடுத்தது. 2021 திருத்தம் 20 வாரம் வரை ஒரு மருத்துவர், குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள், கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் அதற்குப் பிறகும் மருத்துவக் குழு என்று எல்லையை வகுத்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் இந்த 24 வார எல்லை பொருந்தும் என்றது.

இந்தச் சட்டத்தையே ரத்து செய்ய வைப்பேன் என்று கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாலைந்து கூட்டங்களில் பேசினார்கள், பிறகு காணாமல் போனார்கள். கருவில் இருப்பது உயிர் என்று முழுமையாக நம்புகிறவள் நான், அதை எங்கேயும் மறைத்ததில்லை. ஆனால் அமெரிக்காவின் வாசகங்களை அப்படியே தூக்கிவந்து இங்கே நட்டால் வேர் பிடிக்காது. அங்கே போய்ப் படிப்பதற்குச் செலவிடும் பணத்தில் இங்கே ஐந்து ஆண்டுகள் கிராமங்களில் வேலை செய்யலாம். அதுதான் பெரிய படிப்பு.

நம் மண்ணில் கருவுக்கு நேர்ந்த பெரிய அநியாயம், அது பெண் என்பதற்காகவே அழிக்கப்பட்டது. உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலையைப் பற்றி 1986-இல் 'இந்தியா டுடே' அட்டைப்படக் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் நாடு முழுவதும் அதிர்ந்தது. கள்ளிப்பாலின் காலம் போய் ஸ்கேனின் காலம் வந்தது. 1991, 2001, 2011 கணக்கெடுப்புகளில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் இந்தியாவில் 945, 927, 918 என்று இறங்கின. தமிழ்நாட்டில் 948, 942, 943. மாநில சராசரியைப் பார்த்து ஆறுதல் அடைந்துவிடாதீர்கள். 2001-இல் சேலம் மாவட்டத்தில் அந்த எண் 851.

உங்களுக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் டாக்டர் சாபு ஜார்ஜைச் சொல்வேன். அன்றைய வட ஆற்காட்டில், கே.வி.குப்பம் வட்டாரத்தின் 12 கிராமங்களில், யாருக்கு என்ன குழந்தை பிறந்தது, எது உயிரோடு இருக்கிறது என்று கணக்கெடுத்த ஆய்வுக் குழுவில் அவர் இருந்தார். அந்த ஆய்வு 1992-இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் வெளியானது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் நிறைவேறி 1996-இல் நடைமுறைக்கு வந்தும், யாரும் அதைத் தொடவில்லை. ஏட்டில் தூங்கிய அந்தச் சட்டத்தை எழுப்ப, 2000-ஆம் ஆண்டில் மும்பையின் செஹாட், புனேயின் மாசும் ஆகிய அமைப்புகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2001-இலிருந்து உத்தரவுகள் வரத் தொடங்கின, ஸ்கேன் கருவிகளைப் பதிவு செய்யும் வேலை வேகம் பிடித்தது, 2003-இல் சட்டமே திருத்தப்பட்டது. பிறகு 2008-இல் இன்னொரு மனு: இணையத் தேடுபொறிகளில் பாலினத் தேர்வு விளம்பரங்கள் வருவதை எதிர்த்து. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது. கே.வி.குப்பத்துக் குடிசை வாசலில் எழுதிய கணக்கு அங்கே வரை போயிருக்கிறது. கொள்கை வகுப்பவர்களிடம் பேசுவது என்றால் இதுதான் எனக்குத் தெரிந்த அர்த்தம். மேடையில் உருக்கமாகப் பேசுகிறவர்கள் நம்மிடம் நிறையப் பேர். குறிப்பேடு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்கள் மிகவும் குறைவு.

இப்போது உங்கள் தோழிகளின் கோபம். அதை அலட்சியப்படுத்தாதீர்கள். செஹாட்டும் மாசும் சட்டப்படியான, பாதுகாப்பான கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று சொல்லும் அமைப்புகள். பெண் கருவைக் காக்கும் சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. நாளை நீங்கள் உட்காரப் போகும் மேசையில் எதிர்நாற்காலியில் அவர்கள் இருப்பார்கள். அவர்களோடு நான் பல நாட்கள் வாதிட்டிருக்கிறேன், பல மனுக்களில் சேர்ந்து கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வேறு, கருக்கலைப்புச் சட்டம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசினால், சட்டப்படி சிகிச்சைக்கு வரும் பெண்ணைக் குற்றவாளியாகப் பார்க்கும் புத்திதான் வளரும். மருத்துவமனை வாசலில் ஒரு பெண்ணை வழிமறிப்பதும், அவளைப் பற்றி ஊருக்குச் சொல்வதும் நம் வேலையில்லை. அப்படிச் செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன், நீங்களும் சேராதீர்கள். கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரை அனுமதியின்றி வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தமே சொல்கிறது. பாலினத் தேர்வுச் சட்டத்தின் 24-ஆவது பிரிவையும் படித்துப் பாருங்கள். கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது அது. அவளைப் பாதிக்கப்பட்டவளாகப் பார்க்கும் பார்வை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

2023 அக்டோபரில் வந்த தீர்ப்பு உங்கள் வகுப்பில் பேசப்பட்டிருக்கும். இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர், 26 வாரங்கள் கடந்த கருவைக் கலைக்க அனுமதி கேட்டார். உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட கருத்துச் சொல்ல, மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. மருத்துவச் செலவை அரசு ஏற்கும், பிறந்த பின் குழந்தையைத் தத்துக் கொடுப்பது பெற்றோரின் விருப்பம் என்றது. என்னைச் சேர்ந்தவர்கள் பலர் அன்று மகிழ்ந்தார்கள். என்னால் முழுதாக மகிழ முடியவில்லை. தீர்ப்பைப் படித்து முடித்ததும் என் மனம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குத்தான் போனது. மீதி வாரங்களில் மருந்தை யார் கவனிப்பார்கள், இரவில் மற்ற இரண்டு குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள், தத்துக்கான தாளில் கையெழுத்திடும் நாளில் பக்கத்தில் யார் இருப்பார்கள்? கருவை வாழவை என்று அரசிடம் கேட்கிறவர்களுக்கு, அந்த வீட்டுக்கு என்ன செய்தாய் என்று அதே அரசிடம் தொடர்ந்து கேட்கும் கடமையும் உண்டு. மகப்பேறு உதவித்தொகை தாமதமாவதும் கருவின் பிரச்சினைதான். மனநல மருத்துவர் இல்லாத வட்டார மருத்துவமனையும், குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைக்குப் பயிற்சி மையம் இல்லாத தாலுகாவும் கருவின் பிரச்சினைதான். இந்தக் கடைசி விஷயத்தில் ஆட்கள் மிகவும் குறைவு. ஸ்கேனில் குறைபாடு தெரிந்ததும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது, குழந்தையை வளர்க்க என்னென்ன உதவி உண்டு என்று எடுத்துச் சொல்ல ஓர் ஒழுங்கான ஏற்பாட்டைக் கேட்டுப் போராட இளம் வழக்கறிஞர்கள் வந்தால் நான் அவர்களுக்கு என் நூலகத்தையே திறந்துவிடுவேன்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரின் ஸ்கேன் சென்டரில் ஆய்வுக் குழுவோடு இருந்தேன். சுவரில் 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவது சட்டப்படி குற்றம்' என்ற பலகை பளபளவென்று இருந்தது. மேசையில் படிவம் எஃப் கட்டு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒன்று நிரப்ப வேண்டும், இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே எத்தனை குழந்தைகள், ஆணா பெண்ணா, எதற்காக இந்த ஸ்கேன் என்பதெல்லாம் அதில் வரும். புரட்டிக்கொண்டே போனேன். 'எதற்காக' என்ற இடத்தில் எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. கட்டின் அடியில் பதினோரு தாள்கள், கர்ப்பிணியின் கையொப்பம் மட்டும் இருந்தது, மற்ற எல்லாம் வெற்றிடம். வெறும் எழுத்துப் பிழை என்றார் அங்கிருந்தவர். மருத்துவர்களின் அமைப்பு இதே வாதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. படிவத்தைச் சரியாக நிரப்பாததைச் சாதாரண எழுத்துப் பிழையாகப் பார்க்க முடியாது என்று 2019 மே மாதம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை வரிக்கு வரி படியுங்கள். நம் தொழிலின் பெரும்பகுதி இப்படித்தான், தாள் புரட்டுவது. அந்த அலுப்பைத் தாங்குகிறவர்களே நிலைக்கிறார்கள்.

படிப்பு, வருமானம் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கியதும் பார் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள், அகில இந்திய பார் தேர்வை முடியுங்கள், மூன்று ஆண்டுகளாவது மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடத்துங்கள். ஜீவனாம்சம், குழந்தைப் பாதுகாப்பு, தத்தெடுப்பு வழக்குகள்தான் என் வீட்டு அடுப்பை எரித்தன. இன்றும் பாதி வருமானம் அதிலிருந்துதான். கையில் ஒரு தொழில் இருந்தால் எந்த அமைப்பின் முன்னாலும் உண்மையைச் சொல்லத் துணிவு வரும். மாதச் சம்பளம் வேண்டுமென்றால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சட்டம் படித்தவர்களுக்கென்றே நன்னடத்தை அலுவலர் பணியிடம் இருக்கிறது. ஒப்பந்த வேலை, ஊதியம் அதிகமில்லை. ஆனால் பெற்றோர் ஒரு குழந்தையை ஒப்படைக்கும்போது என்ன நடக்கிறது, இளைஞர் நீதிச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு தரும் இரண்டு மாத மறுபரிசீலனைக் காலத்தில் ஒரு தாயின் மனம் எப்படியெல்லாம் மாறுகிறது என்பதை அங்கேதான் பக்கத்திலிருந்து பார்க்க முடியும்.

சட்டம் உருவாகும் இடத்தையும் பார்க்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரோடு ஏறத்தாழ ஓராண்டு வேலை செய்ய இளம் பட்டதாரிகளுக்கு, சட்டமியற்றும் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனம் 'லேம்ப்' என்ற உதவித்திட்டம் நடத்துகிறது. வயது வரம்பு உண்டு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மாநிலத்தில், இளைஞர்களை அரசோடு சேர்ந்து வேலை செய்ய வைக்கும் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இருக்கிறது. முதுகலை படிக்க விருப்பமென்றால் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் பொதுக் கொள்கைக்கான இரண்டாண்டுப் படிப்பு உண்டு. புள்ளிவிவரத்தில் ஆர்வம் இருந்தால் மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தைப் பாருங்கள். அந்தத் துறையில் தேர்ந்த ஒரு வழக்கறிஞருக்கு நம் பக்கம் எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும்.

படிப்போடு ஒரு பழக்கமும் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது சட்டப்பேரவையில் வைக்கப்படும் சுகாதாரத் துறை, சமூக நலத் துறைக் கொள்கை விளக்கக் குறிப்புகளைக் கோடிட்டுப் படியுங்கள். சென்ற ஆண்டு சொன்னது இந்த ஆண்டு என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத குறிப்பாக அதை உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் உதவியாளரிடம் கொடுங்கள். பேரவையில் அது ஒரு கேள்வியாக வந்துவிட்டால், அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். நாடாளுமன்றக் குழுக்கள் மசோதா குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது கொடுக்கும் அவகாசம் மிகக் குறைவு. முன்பே தயாராக இருப்பவர்களின் மனுதான் உரிய நேரத்துக்குள் போய்ச் சேரும்.

அமைப்பில் சேரும் முன் அதன் கணக்கைப் பாருங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தப் பதிவு ரத்தானதால் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் தவித்த திறமையான பெண்களை எனக்குத் தெரியும். அதைவிட முக்கியம், அந்தப் பணம் எந்த நாட்டின் வாசகத்தைப் பேசச் சொல்லி வருகிறது என்பது. நன்கொடையாளரின் அறிக்கைக்குப் படம் வேண்டும் என்பதற்காக ஒரு தாயை கேமரா முன் நிறுத்தச் சொன்ன அமைப்பிலிருந்து அன்றே வெளியே வந்தேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீதிபதித் தேர்வை எழுதுங்கள், அதில் நமக்கு நட்டம் எதுவும் இல்லை. பாலினத் தேர்வு வழக்குகள் முதலில் வந்து சேர்வதே கீழமை நீதிமன்றத்துக்குத்தான். படிவம் எஃப்பைப் படிக்கத் தெரிந்த மாஜிஸ்திரேட் ஒருவர் கிடைத்தால் நான் மகிழ்ச்சியோடு அவர் முன்னால் நின்று வாதாடுவேன். தேர்ச்சி பெறாவிட்டால், அதற்காகப் படித்த சட்டம் வீணாகாது.

உங்கள் அம்மாவை உங்கள் முதல் ஆசிரியையாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பகுதியில் எந்த வீட்டில் யார் எந்த மாதத்தில் இருக்கிறார், யார் திடீரென்று பதிவுக்கு வருவதை நிறுத்திவிட்டார், எந்த வீட்டில் மூன்றாவது பெண்ணுக்குப் பெயர்கூட வைக்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அடுத்த விடுமுறையில் ஒரு மாதம் அவர் பின்னால் நடங்கள். யாருக்கும் எந்தச் சட்டமும் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

ஊருக்குப் போவதற்கு முன், இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். பாலினத் தேர்வுச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு உண்டு. அதில் மருத்துவர்கள் மூவர், சட்ட வல்லுநர் ஒருவர், செய்தித் துறை அலுவலர் ஒருவர், சமூகப் பணியாளர்கள் மூவர் இருக்க வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு இடையில் 60 நாட்களுக்கு மேல் ஆகக்கூடாது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், திண்டுக்கல். கடந்த மூன்று ஆண்டுகளில் குழு கூடிய தேதிகள், ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, ஆய்வு செய்யப்பட்ட மையங்களின் எண்ணிக்கை, நிறுத்திவைக்கப்பட்ட பதிவுகள், தொடரப்பட்ட வழக்குகள். ஐந்து கேள்விகள் போதும், ஒவ்வொன்றும் ஒரே வரியில். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வந்ததும் நகல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். அந்தக் குழுவில் சட்ட வல்லுநரின் நாற்காலி யாரிடம் இருக்கிறது, அவர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா